தகிட தகிட தக

2025 பிப்ரவரி 8

கிட்டாரில் கிராஸ்பிக்கிங் இன்று தொடங்கினேன்: ஒரே பிக்கால் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) அடுத்தடுத்த தந்திகளை வரிசையாக உருட்டி மீட்டும் முறை. இடது கைக்கு வேலையே வைக்கவில்லை. 4, 3, 2 ஆகிய தந்திகளைச் சும்மா மீட்டினாலே டி, ஜி, பி என்ற ஸ்வரங்கள் சேர்ந்து ஜி கார்டு (ஸ்வரக் கூட்டு) வந்துவிடுகிறது. கவனமெல்லாம் பிக் பிடித்த கையில். மூன்று விரலால் உருட்டும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் ஒலியை ஒரே பிக்கால் கொண்டுவர வேண்டும். அரை மணி நேரத்தில் முன்கை இறுகிவிட்டது.

பிப்ரவரி 10

ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) எட்டு ஸ்வரம், அதை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்க வேண்டும். எண்ணிக்கொண்டே வாசித்தால் தடுமாறினேன். அப்புறம் வாய்விட்டு "தகிட தகிட தக" என்று சொல்லிக்கொண்டே மீட்டினேன், உட்கார்ந்துவிட்டது. சின்ன வயதில் ஆதி தாளம் போட்டது வீண்போகவில்லை.

பிப்ரவரி 13

கணக்கு சரி, பிக்தான் மக்கர் செய்கிறது. ஒவ்வொரு பிரிவும் தொடங்கும் "த"வில் அழுத்தம் விழ வேண்டும். கீழ், மேல் என்று மாற்றி மாற்றி அடித்தால் முதல் "த" கீழ் அடியில் விழுகிறது. இரண்டாவது "த" மேல் அடிக்குப் போய்விடுகிறது. மூன்றாவது மறுபடி கீழே. போனில் பதிவு செய்து கேட்டேன். நடுவில் இருக்கும் அந்த "த" காணாமலே போகிறது. அது போனால் உருட்டலே இல்லை, வெறும் எட்டு ஸ்வரம்தான்.

பிப்ரவரி 16

நாள் முழுக்க கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஷஃப்லரைக் கேட்டேன். வட கரோலினாவின் வால்டீஸ் ஊர்க்காரர், 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். ஸ்டான்லி சகோதரர்கள் என்ற புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) குழுவின் மெதுவான பாடல்களில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை இந்த உருட்டலால் நிரப்பினார். பாடும் குரலை ஒரு இடத்திலும் மறைக்காமல் அவர் வாசிப்பதுதான் என்னை இழுக்கிறது. மாண்டலினில் இதே வழியைத் திறந்தவர் ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ். அவருக்கும் தூண்டுதல் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோதான்.

ஷஃப்லரின் அடி: கீழ், கீழ், மேல். 4-ஆவது தந்தியை அடித்த பிக் தானாகவே 3-இன் மேல் போய் விழுகிறது, கையைத் தூக்கவே வேண்டாம். மூன்று "த"வும் கீழ் அடியிலேயே அமைகின்றன.

பிப்ரவரி 19

மெட்ரோனோமில் (தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் ஷஃப்லர் முறை இனிக்கிறது. 100-க்கு ஏற்றினால் அடுத்தடுத்து வரும் இரண்டு கீழ் அடிகள் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே ஊசல் மாதிரி கீழும் மேலுமாய் ஆடும் கைதான் எனக்கு நிலையாக இருக்கிறது. இரண்டையும் விடப்போவதில்லை. மெதுவான பாட்டுக்கு ஷஃப்லர். வேகத்துக்கு மாற்றடி, அதில் தினமும் பத்து நிமிடம் நடு "த"வை மட்டும் அழுத்தி அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 27

இன்று சி கார்டு. மெட்டின் ஸ்வரங்களை "த" விழும் இடங்களில் வைத்து, மற்றதையெல்லாம் மெல்லத் தொட்டேன். உருட்டலுக்குள்ளிருந்து மெட்டு எழுந்து வந்தபோது சிலிர்த்துவிட்டது. மாற்றடியையும் பதிவு செய்தேன். நடு "த" கேட்கிறது, 72 வரை. நாளை 76.