கணுக்கால் அளவுப் பனி

"தம்பி, கணுக்கால் அளவு பனிக்கா திரும்பிப் போகணும்?" என்று, இமயமலையில் ரூபின் கணவாய்க்கு நான் கூட்டிப்போன மலையேற்றக் குழுவிலிருந்த கோவைக்காரர் கேட்டார். "கணுக்கால் அளவுதான் சார் பிரச்சினையே" என்றேன். அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய், பின்னால் வந்த குழுக்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் ஏதோ உறுத்துகிறது.

பதிலில் பொய் இல்லை. முதலில் விழுகிற கொஞ்சப் பனி வெயில் படாத இடுக்குகளில் தங்கிவிடும். தரையில் சற்று வெதுவெதுப்பு, மேலே தெளிந்த இரவின் கடுங்குளிர். இடையில் பனி மெல்லிசாக இருந்தால் அதன் மணிகள் சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டாத பருக்கைகளாகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்று அதைப் பலகையாக இறுக்கினால், நடப்பவருக்குக் கெட்டித்தரை என்றே தோன்றும். ரூபின் கணவாய்க்குக் கீழே அன்று நான் வெட்டிப் பார்த்த இடத்தில் அடிப்பனி ரவை மாதிரி உதிர்ந்தது. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். நாங்கள் ஏற வேண்டியிருந்த இடுக்கு 35-க்கு மேல். பாறைகளும் மூடாமல் துருத்திக்கொண்டிருந்தன. சின்னச் சரிவு இழுத்தால்கூட ஆள் அவற்றில் மோதித்தான் நிற்பார்.

ஆனால் நான் பனியை வெட்டிப் பார்த்தது காலையில். திரும்புவது என்று முடிவுசெய்தது முந்தைய இரவே.

இரவு கணவாய்க்குக் கீழே ரதி பேரி முகாமில் படுத்தபடி வேறொரு கணக்குப் போட்டிருந்தேன். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி தாண்டினால் அது மளமளவென்று குறைந்துவிடும். எங்களிடம் புதைந்தவர் இருக்குமிடத்தைச் சிக்னலால் காட்டும் பீக்கன் கிடையாது, குத்தித் தேடும் நீளக் கம்பி கிடையாது. மொத்தக் குழுவுக்கும் ஒரே மண்வெட்டி, அதுவும் கழிப்பறைக் குழி தோண்டக் கொண்டுவந்தது. இதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, "அப்போ எங்களை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்பதுதான்.

கேட்டால் நியாயம்தான். அக்டோபர் என்றால் வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே ஓடுகிறது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயல், இரண்டே நாளில் நேபாளத்தின் தோராங் லா கணவாய்ப் பக்கம் பனியாகக் கொட்டி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டண்டா மலையில் பயிற்சிக்குப் போனவர்கள் பனிச்சரிவில் சிக்கினார்கள். இரண்டும் தெரிந்தேதான் நான் அக்டோபரில் ஆள் கூட்டிப் போனேன். இப்போதும் போகிறேன், வேறென்ன செய்ய.

மறுநாள் இன்னொரு குழு அதே இடுக்கில் ஏறி, கணவாய்க்கு அந்தப் பக்கமுள்ள சாங்லாவில் இறங்கிவிட்டது. கோவைக்காரர் அவர்களுடைய போட்டோவை எனக்கு அனுப்பினார், கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு குழு கடந்துவிட்டதால் சரிவு உறுதியாக இருந்தது என்று ஆகாது. பலர் மிதித்துப் போன பிறகும், பாறையோரம் பனி மெலிந்த இடத்தில் கால் வைக்கிறவர் அதை உடைத்துவிடலாம். இதை நான் முழுதாக நம்புகிறேன். அவர்கள் சிக்கியிருந்தாலும் நான் செய்தது சரி, கடந்தாலும் சரி என்று சொல்ல வைக்கிற வாதம் இது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் உள்ளூர் வழிகாட்டி பாய்ஜி அன்று காலை என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து ஆட்டு மந்தையோடு அந்தக் கணவாயைக் கடந்தவர். அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் நான் சாய்ந்து நின்றது அதன்மேல்தான். சீசன் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, "நீங்களாக இருந்தால் போயிருப்பீர்களா?" என்று கேட்டேன்.

"நீங்கள் போகலாம் என்றிருந்தால் முன்னால் நடந்திருப்பேன்" என்றார்.

ஏறினாலும் திரும்பினாலும் அவருக்குக் கூலி ஒன்றுதான். என்னிடம் பொய் சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.