டம்ளரில் பிடித்த கசிவு நீர்

வேலையில் சேர்ந்த புதிதில், மண் அணை என்றால் ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது என்று நினைத்திருந்தேன். என் முதல் பணியிடம் ஐம்பதுகளில் கட்டிய ஒரு பாசன அணை. பொறுப்பேற்ற அன்றே கரையின் அடிவாரத்தில் நீர் ஓடுவதைக் கண்டு, அங்கிருந்த லஸ்கரிடம், அதாவது அணைக் காவல் பணியாளரிடம், சத்தம் போட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். "கசியாத மண் கரை ஏது, சார்? எப்படிக் கசிகிறது என்று பாருங்கள்" என்றார்.

அவர் தினமும் காலையில் அடிவார வடிகாலில் ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் பிடித்துக் கொட்டகை ஜன்னலில் வைப்பார். மறுநாள் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே ஊற்றுவார். தெளிந்த நீர் வந்தால் கரை மூச்சு விடுகிறது. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. கசிவின் அளவைப் பதிவேட்டில் எழுதுவது மட்டுமே என் வேலை. அணையின் நீர்மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் அதுவும் ஆபத்து என்பதை அந்தப் பதிவேடுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஓர் ஐப்பசி இரவு. அணை நிரம்ப இரண்டடிதான் பாக்கி. அடிவாரத்துக்கு அப்பால், உலை கொதிப்பதுபோல் தரையிலிருந்து நீர் குமிழியிட்டது. சுற்றிலும் எறும்புப் புற்றுபோல் நுண்மணல் வளையம். களிமண் மூட்டை போட்டு அடைக்கச் சொன்னேன். லஸ்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இங்கே அடைத்தால் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும், சார்." முதலில் ஆற்று மணல், அதன்மேல் சிறு சல்லி, அதற்கும் மேல் பெருஞ்சல்லி என்று பரப்பினோம். நீர் வெளியேறலாம், மண் வெளியேற முடியாது. விடிவதற்குள் நீர் தெளிந்துவிட்டது. இதற்குத் தலைகீழ் வடிகட்டி என்று பெயர்; தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் பழமையான கரை 1986 ஏப்ரல் 20 அன்று அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரைமேல் கனரக வண்டிகள் ஓடியதும் ஒரு காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து கரைமேல் கனரக வண்டி ஏறினால் நான் சண்டைக்குப் போவேன். சண்டை போட முடியாதது சீமைக் கருவேலத்தோடுதான். வெட்டினாலும் மண்ணுக்குள் வேர் மட்கி, நீர் நுழையக் குழாய்போல் வழி விட்டுவிடும். எலி வளையும் அப்படித்தான். தூரோடு பறித்து மண் கெட்டிக்க நான் அனுப்பிய மதிப்பீடு மூன்று முறை திரும்பி வந்தது. பெயிண்ட் அடிக்க மட்டும் பணம் வந்தது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் மண் அரிப்பு ஆய்வுத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. என் கடைசிப் பணியிடத்தில் மூன்று லஸ்கர் இடங்களில் இரண்டு காலி. டம்ளரை நானே வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற அன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது அதையும் மேசைமேல் வைத்தேன். புதிதாக வந்த பொறியாளர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "இது எந்தப் பதிவேட்டில் வருகிறது, சார்?"