நட்புக்கு ஒரு ரோவா, இரண்டா?

மார்ச் 3, திங்கள்

எங்கள் டேட்டாபேஸில் பயனர் டேபிள் தயார், ஒருவருக்கு ஒரு ரோ (வரிசை). அடுத்தது நட்பு. ஒருவருக்குப் பல நண்பர்கள், அவர்களும் அதே டேபிளில் இருக்கும் பயனர்கள்தான். ஆக, நடுவில் ஓர் இணைப்பு டேபிள் வேண்டும். அதன் இரண்டு ஃபீல்டும் பயனர் டேபிளையே சுட்டும். நண்பர்களின் ஐடிகளைக் கமா போட்டு ஒரே ஃபீல்டில் அடைக்கலாமே என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம். ஒருவர் கணக்கை மூடினால் அவருடைய ஐடி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று யார் தேடுவது?

மார்ச் 4, செவ்வாய்

12-ஆம் பயனரும் 57-ஆம் பயனரும் நண்பர்கள். 12, 57 என்று ஒரு ரோ போதுமா? 57, 12 என்று இன்னொன்றும் வேண்டுமா?

இரண்டு ரோ என்றால் படிப்பது சுலபம். ஒரே ஃபீல்டில் தேடினால் நண்பர் பட்டியல் வந்துவிடும். ஆனால் இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுத வேண்டும் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது), அழிக்கும்போதும் அப்படியே. ஒன்று தவறினால் அது ஒருதலை நட்பு. நட்பு போன்ற இணைப்புகளைச் சேமிக்கும் ஃபேஸ்புக்கின் டாவோ அமைப்பு பற்றி 2013-இல் வந்த ஆய்வுக் கட்டுரையிலும் இது இருக்கிறது. எதிர்த்திசை இணைப்பையும் சேர்த்தே எழுதுகிறார்கள். பாதியில் நின்றுபோனதைப் பின்னணி வேலை ஒன்று சரிசெய்கிறது. அவர்கள் தரவு பல சர்வர்களில் சிதறிக் கிடக்கிறது, அதனால் அந்தப் பாடு. நமக்கு ஒரே டேட்டாபேஸ்.

நான் ஒரு ரோ பக்கம். சின்ன ஐடி முதலில், பெரியது அடுத்து. இதை டேட்டாபேஸே சரிபார்க்கும் ஒரு செக் கட்டுப்பாடாக எழுதிவிட்டால், தன்னையே நண்பராகச் சேர்ப்பதும் அதிலேயே அடிபட்டுவிடும். ஒரே ஜோடி மறுபடி வராதபடி இரண்டு ஃபீல்டையும் சேர்த்து ஒரு யூனிக், வேகமாகத் தேட இரண்டாவது ஃபீல்டுக்குத் தனி இண்டெக்ஸ். (மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் 8.0.16 பதிப்புக்கு முன்பு செக்கை எழுதினால் வாங்கிக்கொள்ளும், செயல்படுத்தாது. நம்முடையது போஸ்ட்கிரஸ், அந்தக் கவலை இல்லை.)

மார்ச் 6, வியாழன்

இன்று பெரிய விவாதம். நட்பு டேபிளிலேயே நிலை என்று ஒரு ஃபீல்டு வைத்து, காத்திருப்பு, ஏற்பு, பிளாக் மூன்றையும் அதில் அடக்கலாம் என்றார்கள். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நட்புக்குத் திசை இல்லை. ரிக்வெஸ்டுக்கும் பிளாக்குக்கும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் பிளாக் செய்திருந்து, ஒருவர் மட்டும் நீக்கினால் அந்த ஒற்றை ஃபீல்டில் எதை எழுதுவது? மூன்றும் தனித்தனி டேபிள் என்று முடிவானது.

இருவரும் ஒரே நேரத்தில் ரிக்வெஸ்ட் அனுப்பினால்? ரிக்வெஸ்ட் டேபிளில், இரண்டு ஐடிகளில் சிறியது, பெரியது என்ற கணக்கின் மேல் ஒரு யூனிக் இண்டெக்ஸ். இரண்டாவது ரிக்வெஸ்ட் அதில் மோதும். ஏற்கெனவே இருப்பதை அனுப்பியவர் எதிராளி என்றால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம். அதே ஆள் என்றால் பட்டனை இரண்டு தடவை அழுத்தியிருப்பார், விட்டுவிடலாம்.

மார்ச் 10, திங்கள்

ஒரு ரோவின் விலை இன்று தெரிந்தது. நண்பரின் நண்பர்களை எடுக்க டேபிளை அதனோடே ஜாயின் செய்தால் (இணைத்தால்), யார் எந்தப் பக்கம் என்று நாலு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரோவை நேராகவும் திருப்பியும் எடுத்து யூனியன் ஆல் போட்டு (இரண்டையும் ஒன்றாக அடுக்கி) ஒரு வியூ ஆக்கினேன், டேபிள் மாதிரியே படிக்கலாம். படிக்கிற குவரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எல்லாம் இனி அந்த வியூவில்தான். அதை வைத்துப் போடும் புது நண்பர் பரிந்துரைப் பட்டியலில் பொது நண்பர் அதிகமுள்ளவர் மேலே வருவார். தன்னையும், ஏற்கெனவே நண்பரானவர்களையும் கழித்தாயிற்று. பிளாக்கை மட்டும் இரு திசையிலும் பார்க்க வேண்டும், அந்த குவரி இன்னும் பாக்கி.