நியூயார்க் வந்து சேர்ந்தவர்களுக்கு: தெந்தூர் கோயிலை எப்போது பார்ப்பது

நியூயார்க்குக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பலர் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை ஒரே நாளில் சுற்றி முடிக்கப் பார்க்கிறார்கள். சுற்றுலா வருபவர்களுக்கு வேறு வழியில்லை. இங்கேயே வாழப்போகிறவர்களுக்கு அவசரம் எதற்கு? ஒரு தடவைக்கு ஒரு கூடம் போதும். தெந்தூர் என்ற பழைய எகிப்தியக் கோயில் நிற்கும் எகிப்துப் பகுதியின் 131ஆம் கூடத்தில் தொடங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 30 டாலர். நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்களும், நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களில் படிக்கும் மாணவர்களும் விரும்பிய தொகையைக் கொடுக்கலாம். முகவரிக்குச் சான்று வேண்டும். மாநில அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லையென்றால் உங்கள் பெயரிலுள்ள கரண்ட் பில்லை எடுத்துப் போங்கள். நியூ ஜெர்சியின் எடிசனில் வீடு, மன்ஹாட்டனில் வேலை என்றால் சலுகை கிடையாது. குடியிருக்கும் இடம்தான் கணக்கு. ஆனால் ஜெர்சியில் கல்லூரி போகும் உங்கள் பிள்ளைக்கு உண்டு. 12 வயதுக்குக் கீழே இலவசம். புதன்கிழமை விடுமுறை. வெள்ளி, சனி இரவு 9 மணிவரை திறந்திருக்கும். அந்த இரண்டு நாள்கள்தான் இந்தக் கூடத்துக்கு ஏற்றவை.

தெந்தூர் கோயில் கி.மு. 15 வாக்கில், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சியில், இன்றைய எகிப்தின் தெற்கிலுள்ள நூபியாவின் நைல் கரையில் கட்டப்பட்டது. அஸ்வான் உயர் அணையால் மூழ்கவிருந்த கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்தார்கள். எகிப்து அதை 1965இல் அமெரிக்காவுக்குக் கொடுத்தது. ஏறக்குறைய 800 டன் கல், 661 பெட்டிகளில் வந்து இறங்கியது. வாஷிங்டனில் ஆற்றங்கரையில் வெட்டவெளியில் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. மழையும் பனியும் மணற்கல்லை அரித்துவிடும். அதனால்தான் 1978 முதல் இந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள் நிற்கிறது.

சுவர்ச் சிற்பங்களை இரண்டு விதமாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சுவரில் உருவத்தின் ஓரத்தை ஆழமாக வெட்டி, உருவத்தைக் கல்மட்டத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். சுள்ளென்ற வெயிலில் அந்த வெட்டுக்குள் நிழல் விழுந்து கோடு தெளியும். முன்மண்டபத்தின் உட்சுவரில் இதற்கு நேர்மாறு: சுற்றியுள்ள கல்லைச் சீவி உருவத்தைப் புடைக்க விட்டிருக்கிறார்கள். மங்கலான இடத்துக்கு அதுவே பொருத்தம்.

கூடத்தின் பெரிய கண்ணாடிச் சுவர் வடக்கு பார்த்தது. வெயில் நேராக விழாது, ஒளி பரவலாகவே வரும். நடுப்பகலில் போனால் வெளிச்சுவர் தட்டையாகத் தெரிந்து, "இவ்வளவுதானா" என்று தோன்றிவிடும். குளிர்கால வெள்ளிக்கிழமை 4 மணிக்குப் போய் இருட்டும்வரை இருங்கள். விளக்கொளி மேலோங்கும்போது அகஸ்டஸ் எகிப்திய மன்னர் கோலத்தில் ஐசிஸ் தேவிக்குப் படையலிடும் காட்சி மெல்ல எழுந்து வரும். ஒரே சுவரை இரண்டு ஒளியில் பார்க்காமல் அந்தச் சிற்பிகளின் கணக்குப் பிடிபடாது. சுவரின் அடிப்பகுதியில் செதுக்கிய பாப்பிரஸ் நாணலும் தாமரையும் வளர்கின்றன. பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அதுதான். வண்ணத்தைத் தேடாதீர்கள். உயர் அணைக்கு முன்பே அஸ்வானில் இருந்த பழைய அணையின் நீர் ஆண்டுதோறும் ஏறி நின்றதில் அது கரைந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் கிறுக்கிய பெயர்களும் உண்டு. அதில் ஒன்று 1821இல் லூதர் பிராடிஷ் என்ற நியூயார்க்காரர் வெட்டியது. கோயில் அவருடைய ஊருக்கு வந்து சேர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. பிள்ளைகள் அந்த எழுத்தை விரலால் தடவப் போவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணற்கல் துளைத்துளையானது, தோலின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் கறை போகாது.