லேண்டிங் நல்லா முடிஞ்சுட்டா யாரும் எதுவும் கேக்கிறதில்ல

ஒரு ஏர்லைன்ல ஃப்ளைட் சேஃப்டி டிபார்ட்மெண்ட்ல 11 வருஷமா இருக்கேன். நான் பைலட் கிடையாது. ஒவ்வொரு விமானமும் இறங்கினதுக்கு அப்புறம் அதோட ரெக்கார்டர்ல இருந்து டேட்டாவ எடுத்து, எங்கெங்க லிமிட் தாண்டியிருக்குன்னு பாக்கிறதுதான் என் வேலை. யார் ஓட்டினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, ஒரு கோட் நம்பர் மட்டும்தான் இருக்கும், அந்த நம்பருக்குரிய பேரு ஒரே ஒரு சீனியர் கேப்டன்கிட்டதான் இருக்கும், ஏதாவது பேசணும்னா அவர்தான் அந்த பைலட்டுக்குப் போன் போடுவார்.

லேண்டிங்ல எங்கயாவது விபத்துன்னு செய்தி வந்தா அரைமணி நேரத்துலயே "பைலட் தவறு"ன்னு போட்டுடறாங்க. பைலட் தப்பே பண்ணலன்னு நான் சொல்ல வரல. 2010 மே 22 மங்களூர் விமான விபத்துல, 8033 அடி ரன்வேயில ஏறக்குறைய 5200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையத் தொட்டுது, 158 பேர் போயிட்டாங்க. அதுக்கு முன்னாடியே கோ பைலட் கோ அரவுண்ட் போலாம்னு, அதாவது இறங்காம மறுபடி மேல ஏறிடலாம்னு, திரும்பத் திரும்ப சொல்லியிருக்கார், கேப்டன் கேக்கல. கேப்டன் வழியில ரொம்ப நேரம் தூங்கினார்ங்கிறதும் வாய்ஸ் ரெக்கார்டர்ல இருந்துது, செய்தியில அத மட்டும்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. ராத்திரி முழுக்க ஓடற ட்யூட்டி, உடம்பு தூக்கத்துக்கு ஏங்கற விடிகாலை நேரம், இதப் பத்தி எத்தன பேர் பேசினாங்க?

பத்து வருஷம் கழிச்சு 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு. மழை, பின்னாடியிலிருந்து தள்ற காத்து, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியா வேலை செய்யல. ஒரு தடவ கோ அரவுண்ட் போயிட்டு மறுபடி வந்தவங்க 8858 அடி ரன்வேயில பாதி தூரத்துல, 4438 அடியில தொட்டாங்க. 21 பேர் இறந்தாங்க, ரெண்டு பைலட்டும் அதுல உண்டு. அங்கயும் கோ பைலட் கோ அரவுண்ட்னு சொல்லியிருக்கார். விசாரணை அறிக்கையில எனக்குத் தூக்கம் போன இடம் வேற ஒண்ணு. மறுநாள் காலையில கோழிக்கோட்டுல இருந்து கிளம்பற ஃப்ளைட்ட அதே கேப்டன்தான் ஓட்டணும், அங்க போதுமான கேப்டன்கள் இல்ல, அதனால எப்படியாவது அங்கயே இறங்கிடணும்ங்கிற உந்துதல் அவருக்கு இருந்திருக்கும்னு எழுதியிருந்தாங்க. அந்த ரோஸ்டர, அதாவது ட்யூட்டி அட்டவணைய, போட்டது யாரு, அவங்க காக்பிட்ல இல்லையே!

இந்தோனேஷியாவுல 2007ல யோக்யகர்த்தா விபத்து, 21 பேர் இறந்தாங்க. தரை எச்சரிக்கை சிஸ்டம் 15 தடவ கத்தியும், கோ பைலட் கோ அரவுண்ட் சொல்லியும் கேப்டன் இறக்கிட்டார். அவர் பிழைச்சார், 2009ல கோர்ட் ரெண்டு வருஷம் ஜெயில்னு சொல்லுச்சு, அப்புறம் மேல்கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச விதி, அதாவது ஐ.நா.வோட விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவோட அனெக்ஸ் 13, என்ன சொல்லுதுன்னா விசாரணையோட ஒரே நோக்கம் இன்னொரு விபத்த தடுக்கிறதுதான், யார் குத்தம்னு பங்கு போடறது இல்ல. உறவுகள இழந்தவங்ககிட்ட போய் இந்த வரிய சொல்ல எனக்கு வாய் வராது, அவங்க கோபம் நியாயம். ஆனா ஜெயில்னு பயம் வந்துட்டா அடுத்த பைலட் வாய் திறக்க மாட்டார், அதையும் நான் என் டேபிள்ல உக்காந்து பாத்திருக்கேன்.

இப்ப என் கதைக்கு வரேன். சில வருஷம் முன்னாடி, ஒரே கோட் நம்பர், ஆறு மாசத்துல நாலு அன்ஸ்டேபிள் அப்ரோச், அதாவது வேகமும் உயரமும் சரியா செட் ஆகாம இறங்க வர்றது. ஆயிரம் அடியில ஸ்பீடு அதிகம், இறங்கற வேகம் அதிகம், மெதுவா பறக்கறதுக்காக இறக்கையில விரிக்கிற ஃப்ளாப் லேட். அந்த உயரத்துல எல்லாம் செட் ஆகலன்னா கோ அரவுண்ட் போகணும்ங்கிறது விதி. நாலுமே லேண்டிங் பஞ்சு மாதிரி. எங்க சாஃப்ட்வேர்ல தரையில மோதற விசை லிமிட்ட தாண்டினாதான் சிவப்பு வரும், ஹார்டு லேண்டிங்னா பைலட்ட கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்க, அதுக்குப் பயந்துகிட்டே நிறைய பேர் மெத்துன்னு தொடணும்னு மிதக்க விட்டு மிதக்க விட்டு ரன்வேய சாப்பிட்டுடுவாங்க. இந்த நாலும் மஞ்சள், அதாவது சிவப்பவிட லேசான எச்சரிக்கை. நான் "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை"ன்னு போட்டு மூடினேன், அன்னைக்கு லிஸ்ட்டுல அறுபது எழுபது இருந்துது, எல்லாரும் அப்படித்தான் மூடுவோம்.

அஞ்சாவது தடவ மழை. ரன்வே முடிவ தாண்டி சேத்துல போய் நின்னுது. நல்லவேளை யாருக்கும் உயிர் போகல. கம்பெனி ரெண்டே நாள்ல பைலட் தவறுன்னு லெட்டர் அடிச்சுது. கோ பைலட்டுக்கு 26 வயசு இருக்கும், விசாரணையில நான் டேட்டாவ விளக்க உக்காந்திருந்தேன், அந்தப் பையன் குனிஞ்சுகிட்டே "மூணு தடவ ஸ்பீடு சார், ஸ்பீடு சார்னு சொன்னேன்"ன்னார். கோ அரவுண்ட்னு ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. "இதுக்கு முன்னாடியும் சார் கூட இப்படி இறங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகல, யாரும் எதுவும் கேக்கல, அதனால நான்தான் தேவையில்லாம பயப்படறேன்னு நினைச்சேன்"ன்னு சொன்னார்.

யாரும் கேக்கலன்னு அவர் சொன்னது என்னைத்தான். அது அவருக்குத் தெரியாது.

நான் அந்த நாலு ஃபைலையும் பிரிண்ட் எடுத்து விசாரணை அதிகாரிகிட்ட குடுத்தேன். "இத அப்பவே யார்கிட்டயாவது சொன்னீங்களா"ன்னு கேட்டார். இல்ல சார்னு சொன்னேன். அறிக்கையில டேட்டா கண்காணிப்புல குறைபாடுன்னு ஒரு வரி வந்துது, கேப்டனுக்கு வேலை போச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல. அது சரின்னு எனக்கு இன்னைக்கும் தோணல.

அந்தக் கோ பைலட் இப்ப கேப்டன் ஆயிட்டார்னு கேள்விப்பட்டேன், அவரோட கோட் நம்பர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இப்பெல்லாம் திங்கக்கிழமை லிஸ்ட் வந்ததும் மஞ்சள தேதி வாரியா இல்லாம கோட் நம்பர் வாரியா அடுக்கிடுவேன், ஒரே நம்பர் ரெண்டாவது தடவ வந்தாலே சீனியர் கேப்டன் டேபிளுக்குப் போயிடுவேன். அதுல கோ அரவுண்ட்னு ஒரு வரி இருந்தா அதையும் கொண்டு போவேன், "சார், இந்த ஃப்ளைட்ல இருந்த ரெண்டு பேருக்கும் ஒரு போன் போட்டு நல்ல முடிவுன்னு சொல்லிடுங்க, அந்தக் கோ பைலட்டுக்கு முதல்ல"ன்னு.