சப்ளை ஆபீசரிலிருந்து சைஆப்புக்கு: ரிசர்வில் கிளை மாறிய அனுபவம்

அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வில் கேப்டனாக இருக்கிறேன். வார நாட்களில் கம்ப்யூட்டர் வேலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு யூனிஃபார்ம். முதலில் குவார்ட்டர்மாஸ்டர் கிளையில், அதாவது சப்ளை வேலையில் இருந்தேன். பிறகு உளவியல் நடவடிக்கைப் பிரிவுக்கு மாறினேன். துண்டுப் பிரசுரம், ஒலிபெருக்கி போன்றவற்றால் எதிரிப் படையினர், உள்ளூர் மக்கள் ஆகியோரின் மனதையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கும் வேலை, எங்கள் பேச்சில் அது சைஆப். எப்படி மாறினாய் என்று இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் ராணுவத்துக்குள் வந்ததே தமிழால்தான். 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழிகள் தெரிந்தவர்களை கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. சிப்பாயாகச் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமில் ஓசிஎஸ் என்ற அதிகாரிப் பயிற்சிப் பள்ளியை முடித்து அதிகாரி ஆனேன். குடியுரிமை இல்லாதவர் ஓசிஎஸ்ஸில் சேர முடியாது என்பதால் இந்த வரிசை மாறாது.

இணையத்தில் சைஆப் என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் முழுநேர ராணுவத்தின் கதை. அங்கே 4ஆவது, 8ஆவது சைஆப் குரூப்புகள் என்ற படைப்பிரிவுகள் வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக்கில் இருக்கின்றன. அவற்றில் சேர முதலில் ஒரு தேர்வு முகாம் உண்டு. மூட்டையைச் சுமந்து நடக்கவிட்டு, தூங்கவிடாமல், கேள்வி மேல் கேள்வி கேட்டு வடிகட்டுவார்கள். அதற்கு மேல் பல மாதப் பயிற்சி. ரிசர்வ் வழி வேறு. ஒஹையோவில் ட்வின்ஸ்பர்கைத் தலைமையிடமாகக் கொண்ட 2ஆவது குரூப், கலிபோர்னியாவில் மவுண்டன் வியூவைத் தலைமையிடமாகக் கொண்ட 7ஆவது குரூப் என்று இரண்டு. இரண்டும் யூசகாபாக் என்ற, சிவில் விவகாரங்களுக்கும் சைஆப்புக்குமான கமாண்டின் கீழ் வருகின்றன. அந்தக் கமாண்டை 2006இல் ராணுவத்தின் ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் என்ற சிறப்பு நடவடிக்கைக் கமாண்டிலிருந்து பிரித்து ரிசர்வின் கீழ் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ரிசர்வ் சைஆப் ஒரு தனிப் பாதையில் போகிறது. நான் மாறிய காலத்தில் ரிசர்வ் அதிகாரிக்குத் தேர்வு முகாம் கிடையாது. பயிற்சியும் சுருக்கமானது. கேட்க வசதியாக இருக்கும், ஆனால் யாரும் உங்களை வடிகட்டவில்லை என்றால், இந்த வேலைக்கு நான் லாயக்குதானா என்று நீங்களேதான் கேட்டுப் பார்க்க வேண்டும். களத்தில் நம்மை நம்பி நிற்கிறவர்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஸ்லாட்டில். ரிசர்வில் யாரும் உங்களைக் கூப்பிட்டு இடம் கொடுப்பதில்லை. காலியாக இருக்கும் இடத்தை நீங்கள் கண்டுபிடித்து, அந்த யூனிட் உங்களை ஏற்றுக்கொள்கிறது என்று கடிதம் வாங்க வேண்டும். கெரியர் கவுன்சலரிடம் காலியிடப் பட்டியல் இருக்கும். ஆனால் திரையில் காலி என்று தெரிகிற இடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் பேசி முடித்திருப்பார், நிரம்பியதாகக் காட்டும் இடத்திலிருந்து ஒருவர் அடுத்த மாதம் கிளம்பப்போவார். அதனால் யூனிட்டுக்கே போன் போட்டு, முழுநேரமாக அங்கே உட்கார்ந்திருக்கும் சார்ஜண்டிடம் பேசுங்கள். கமாண்டரைவிட அவருக்குத்தான் எல்லாம் தெரியும். முடிந்தால் அவர்கள் பயிற்சிக்குக் கூடும் ஒரு டிரில் வார இறுதியில் நேரில் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் போனேன். கமாண்டர் என் ரெக்கார்டை அதிகம் புரட்டவில்லை. சிவில் வாழ்க்கையில் என்ன செய்கிறாய், எந்த ஊரில் வளர்ந்தாய், உனக்குப் பிடிக்காத கருத்துள்ளவனிடம் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறாய் என்றுதான் கேட்டார். அந்தப் பிரிவு தேடுவது என்ன என்று அந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது.

அந்த இடத்துக்கு ஏர்போர்ன் தகுதி, அதாவது பாராசூட்டில் குதிக்கும் தகுதி வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களுக்கு வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். வேண்டுமென்றால் பென்னிங்கில் மூன்று வாரம், ஐந்து முறை குதிக்க வேண்டும்.

அடுத்தது பழைய யூனிட் உங்களை விடுவிப்பது. 4187 படிவத்தில் கமாண்டர் கையெழுத்து, இடமாற்றக் கோரிக்கைக்கு 4651. இரண்டும் சின்னப் படிவங்கள்தான், நிரப்ப அரை மணி நேரம் போதும். ஆனால் கேப்டன்களுக்குப் பஞ்சமாக இருக்கும் காலத்தில் எந்த யூனிட் சந்தோஷமாக அனுப்பும்? என் காகிதம் ஒரு மேசையில் மாதக்கணக்கில் கிடந்தது. கேட்டால் மேலே போயிருக்கிறது என்பார்கள், மேலே கேட்டால் வரவே இல்லை என்பார்கள். எனக்குப் பின்னால் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இருந்த ஒரு லெப்டினன்ட்டின் பெயரைச் சொல்லி, அவரையும் அழைத்துப் போய் கமாண்டர் முன் நிறுத்திய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. உங்கள் இடத்தில் யார் உட்காருவார் என்பதற்கு நீங்களே பதில் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம்மவர்களுக்கு உண்மையில் கடினமான கட்டம் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைப் பார்க்க அனுமதி. எஸ்எஃப்-86 என்ற அந்தப் படிவத்தில் பத்து வருடம் எங்கெங்கே குடியிருந்தோம், எங்கே வேலை பார்த்தோம், வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் யார், அங்கே சொத்து உண்டா, கணக்கு உண்டா என்று எல்லாம் கேட்பார்கள். என் பெயரிலேயே முதல் சிக்கல். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் என் லாஸ்ட் நேம் என்று இருப்பது அப்பாவின் பெயர். அப்பாவின் இனிஷியல் தாத்தாவின் பெயர். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு இனிஷியல், பின் ஒரு இனிஷியல். ஒரே வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இல்லையே என்று விசாரணைக்கு வந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறையை வரைந்து, இனிஷியல் எப்படி இறங்கி வருகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தாளையே வாங்கி வைத்துக்கொண்டார். நீங்கள் முன்கூட்டியே அதை வரைந்து எடுத்துப் போங்கள்.

ஊரில் தாத்தா வீட்டில் ஒரு பங்கு, இந்திய வங்கியில் என்ஆர்ஓ கணக்கு, சித்தப்பா அரசு ஊழியர், இவையெல்லாம் எழுத வேண்டியவை. பெரிய விஷயமா என்று யோசித்து விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் உறவு இருப்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, மறைத்தால்தான் ஆபத்து. இந்தியக் குடியுரிமையை விட்டதற்கான சான்றிதழும் கையில் இருக்கட்டும். ஓசிஐ அட்டை இருந்தால் அது குடியுரிமை இல்லை, நீண்டகால விசா மாதிரி என்று தெளிவாகச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

பயிற்சியில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே படிப்பது, அடுத்தது ஃபோர்ட் பிராக்கில் நேரில். வீட்டுப் பகுதியை ஒப்புக்கு முடித்துவிட்டுப் போனால் அங்கே மூச்சுத் திணறும். பாடத்தின் உயிர் என்று நான் நினைப்பது, யாரிடம் பேசப்போகிறோமோ அவர்களை ஆராயும் பகுதி. அவர்கள் இப்போது செய்கிற காரியத்தை ஏன் செய்கிறார்கள், எந்தச் சூழ்நிலை அப்படிச் செய்யவைக்கிறது, எதற்கு அசைவார்கள், எந்த வழியில் செய்தி போய்ச் சேரும், நாம் கேட்பதைச் செய்ய அவர்களால் முடியுமா என்று வரிசையாகப் போகும். கடைசிக் கேள்வியில்தான் எங்கள் குழுவின் திட்டம் உடைந்தது. கற்பனை நாடு ஒன்றில், செக்போஸ்ட்டைத் தவிர்த்துக் குறுக்குவழியில் போகும் லாரி ஓட்டுநர்களை மெயின் ரோட்டுக்குத் திருப்ப வேண்டும் என்பது பணி. நாங்கள் பாதுகாப்பைப் பற்றி அழகான போஸ்டர் போட்டோம். பயிற்றுநர் கேட்டார்: "ஓட்டுநருக்கு டிரிப் கணக்கில் கூலி. செக்போஸ்ட்டில் மூன்று மணி நேரம் நின்றால் அவன் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள்?" போஸ்டரை ஓரமாக வைத்துவிட்டு, வரிசையைக் குறைக்கச் சொல்லி செக்போஸ்ட் கமாண்டருக்குப் பரிந்துரை எழுதினோம். சில நேரம் சரியான உளவியல் நடவடிக்கை என்பது நம் பக்கத்து நடத்தையை மாற்றுவதுதான். இதை எந்தக் கையேட்டில் படித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது.

பொய் பரப்புகிற வேலைதானே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கியப் படைகள் மீது சுமார் 2.9 கோடி துண்டுப் பிரசுரங்கள் போடப்பட்டன. சில பிரசுரங்களில், இந்தப் படைப்பிரிவு மீது குண்டு விழப்போகிறது, விலகிவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே குண்டு போட்டார்கள். அதனால்தான் சரணடைந்தால் நல்லபடி நடத்துவோம் என்று சொன்ன அடுத்த பிரசுரத்தையும் நம்பினார்கள். பலர் அதைக் கையில் பிடித்தபடியே வந்தார்கள். ஒரு முறை பொய் சொல்லி மாட்டினால் அப்புறம் உண்மைக்கும் விலை இருக்காது. அமெரிக்க மக்களை நோக்கி இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதும், மேலிட ஒப்புதல் இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகக் கூடாது என்பதும் முதல் நாளே தலையில் ஏற்றப்படும்.

இப்போது ஒரு டிடாச்மென்ட், அதாவது ஒரு சிறு பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று மூன்று பேராகக் களக் குழுக்கள். ஒரு சார்ஜண்ட் வார நாட்களில் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் கார் விற்கிறார். அரங்கத்தில் ஒலிபெருக்கி சோதிக்கும்போது அந்த கார் விற்பவர் நான்கு வாக்கியத்தில் சொல்வதை நான் பத்து வாக்கியத்தில் சொல்வேன். ரிசர்வின் பலம் இதுதான் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

கடைசியாக இரண்டு நடைமுறை விஷயங்கள். பயிற்சித் தேதி உறுதியானதும் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். யுசெர்ரா என்ற 1994ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் வேலையைக் காப்பாற்றும், ஆனால் மேனேஜருக்கு முன்கூட்டித் தெரிந்தால் திரும்பி வரும்போது முகம் சுளிக்க மாட்டார். அப்புறம், இடமாற்ற ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்பே பழைய யூனிட்டில் உங்கள் பெயரில் இருக்கும் சாமான்களை எல்லாம் எண்ணி ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.