லேத் மிஷின் பாடுன ஆயுத பூஜை பாட்டு

கோயமுத்தூர்ல பம்ப் பார்ட்ஸ் செய்யற ஒரு ஒர்க்‌ஷாப்ல குவாலிட்டி பாக்கறேன். 2025 ஆயுத பூஜைக்கு பொரி கடலை பூசணிக்காயோட பசங்க சிரிக்கற மாதிரி ஒரு பாட்டு வீடியோவும் போடலாம்னு முதலாளி சொன்னாரு, சொன்னது பூஜைக்கு முந்துன நாள் மத்தியானம். முன்னாடியெல்லாம் இதுக்கு மியூசிக் போடறவரு, பாடறவரு, கேமராக்காரர், எடிட்டர்னு ஆள் புடிக்கணும், பெரிய கம்பெனி ஆண்டு விழாவுக்குத்தான் கட்டுப்படியாகும், எங்க பட்டறைய பத்தி யாரு பாட்டு போடுவா. இப்ப ஏஐ வந்து அது மாறிருச்சு, எனக்கு இதுல பெரிய சந்தோஷமே அதுதான்.

எங்ககிட்ட இருக்கற பழைய லேத் மிஷினே, அதான் இரும்ப சுத்தவிட்டு கடையற மிஷின், பாடற மாதிரி ஐடியா. வரிக்கு மொதல்ல சாட்ஜிபிடிகிட்ட கேட்டேன், உழைப்பு வியர்வை வெற்றின்னு மேடைப் பேச்சு மாதிரி குடுத்துச்சு, எந்தப் பட்டறைக்கும் பொருந்தும் ஆனா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. டீ டைம்ல லேத் ஓட்டற டர்னர் அண்ணங்ககிட்ட போய் "இந்த மிஷினுக்கு வாய் இருந்தா என்னங்ணா கேக்கும்"னேன், அவ்ளோதான், கொட்டுது. மேல டிபன் பாக்ஸ் வெக்காதீங்க, வருஷம் பூரா சூட்ட தணிக்க ஊத்தற கூலன்ட்ல குளிக்க வெச்சுட்டு ஒரே ஒரு நாள் சந்தனமா, இப்படி. அதுல ஒருத்தரு சொன்னத அப்படியே பல்லவி ஆக்கிட்டேன்:

"சந்தனம் வெச்ச கையாலயே
சக் கீய கழட்டி வையி சாமி"

சக்குன்னா லேத்துல இரும்ப புடிச்சுட்டு சுத்தற பாகம், சக் கீ அத டைட் பண்ற சாவி. அந்த சாவிய சக்குலயே விட்டுட்டு மிஷின ஆன் பண்ணா அது தெறிச்சு வந்து மூஞ்சில அடிக்கும், லேத் ஓட்டறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பயம், அதனாலதான் அந்த வரிக்கு அவ்ளோ சிரிப்பு.

டியூனுக்கு சூனோன்னு பாட்டு போடற ஏஐ. வரிய போட்டு ஸ்டைல் சொன்னா ஒரு தடவைக்கு ரெண்டு பாட்டா குடுக்கும், கொஞ்ச நேரத்துல வந்துரும். வெறுமனே நாட்டுப்புறம்னா டோலும் தபேலாவும் கலந்து வடநாட்டு வாசனை அடிச்சுது, பறை, நாதஸ்வரம், குத்துன்னு பேர் சொல்லி கேக்கணும். உச்சரிப்புதான் பெரிய வேலை. பேரிங், பெல்ட்டுல வர்ற ப-வ பாட்டுல வர்ற ப மாதிரியே பாடுது, அந்த வார்த்தைய மட்டும் இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணா சரியாகுது. கிழவன்ல ழ வரவே இல்ல, வயசான மிஷினுன்னு மாத்திட்டேன்.

வீடியோவுக்கு கூகுளோட வியோன்னு ஒரு ஏஐ, ஒரு கிளிப் 8 செகண்ட். எழுத்துல மட்டும் கேட்டா பளபளன்னு ஏதோ ஒரு மிஷின் வருது, அதனால எங்க மிஷினையே போட்டோ எடுத்து அதுல இருந்து அசைய வெச்சேன். ஒரு கிளிப்போட கடைசி ஃப்ரேம எடுத்து அடுத்த கிளிப்புக்கு மொத ஃப்ரேமா குடுத்தா தொடர்ச்சி வரும், ஆனா போகப்போக உருவம் மாறும். ஒரு கிளிப்ல சக் சுத்தும்போதே, இரும்ப கவ்வற தாடையான மூணு ஜா நாலு ஜா ஆயிருச்சு. வேற யாரும் கவனிக்க மாட்டாங்க, டர்னர் கண்ணுல மொதல்ல அதுதான் படும், தூக்கிட்டேன். மிஷின் கண்ணடிச்சா ஒத்துக்குவாங்க, ஜா தப்பா இருந்தா ஒத்துக்க மாட்டாங்க.

ஃபோர்மேன் குரல ஏஐல செஞ்சு நடுவுல போடலாம்னு பசங்க சொன்னாங்க. கேக்காம பண்ணக்கூடாதுன்னுட்டேன். 2024ல ஏ.ஆர்.ரஹ்மான் மறைஞ்ச பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல ஏஐல கொண்டு வந்தப்பவே அவங்க குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கி சம்பளமும் குடுத்தாரு, தினமும் கூட வேலை செய்யற மனுசன்கிட்ட நாம கேக்கறதுக்கு என்ன. கேட்டேன், "அதெதுக்கு கண்ணு, நானே பேசித் தர்றேன்"னு போன்ல "டேய், வெர்னியர எங்கடா வெச்ச"ன்னு, அளவு பாக்கற கருவிய கேட்டு ஒரு சத்தம். பூஜையன்னிக்கு அந்த எடத்துலதான் ஷெட்டே அதிர்ந்துச்சு.

கம்பெனி இன்ஸ்டாவுல போடலாமான்னு முதலாளி கேட்டாரு. சூனோ ஃப்ரீ பிளான்ல பண்ண பாட்ட வியாபாரத்துக்கு யூஸ் பண்ணக்கூடாது, அதுவும் இல்லாம 2024 ஜூன்ல பெரிய ரெக்கார்டு கம்பெனிங்க அமெரிக்காவுல அவங்க மேல கேஸ் வேற போட்டிருக்காங்கன்னு சொன்னேன், சரி நம்ம வாட்ஸ்அப் குரூப்போட இருக்கட்டும்னுட்டாரு. இப்ப கேன்டீன் அக்கா பொங்கலுக்கு கிரைண்டர் பாடற பாட்டு வேணும்னு கேட்டிருக்காங்க, கிரைண்டர் என்னென்ன சொல்லும்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வரச் சொல்லிருக்கேன்.